ஆய்வு முறைகள்: மாணவரின் முதல் ஆய்வு பழைய ஆய்வாக இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உளவியல் பட்டப்படிப்புகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மேற்படிப்பில் என்னென்ன பிரிவுகள் உள்ளன, ஆலோசகருக்கும் மருத்துவ உளவியலாளருக்கும் பணியில் என்ன வேறுபாடு என்பவற்றையெல்லாம் பொறுமையாக விளக்கியிருந்த கட்டுரையாளர், 'ஆய்வு முறைகள்' என்ற பாடத்துக்கு வந்தபோது மட்டும், கணக்கு வராதவர்களும் சற்று முயன்றால் அதில் தேறிவிடலாம் என்று ஒரே வரியில் ஆறுதல் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். அந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவரும் எனக்கு அந்த வரி உறுத்தியது. ஆனால், யோசித்துப் பார்த்தால் அவர்மீது குறை சொல்ல இடமில்லை. தேறிவிட்டால் போதும் என்று மாணவர்கள் நினைக்கும்படியாகத்தான் நாங்கள் அதைக் கற்பித்துவருகிறோம். அதை எப்படி மாற்றலாம் என்பதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. உளவியல் மாணவர் செய்யும் முதல் ஆய்வு, வேறொருவர் முன்பே செய்து முடித்த பழைய ஆய்வாக இருக்கவேண்டும். அதைச் செய்யும் முறை முழுவதையும், ஒரு தரவுகூடக் கைக்கு வருமுன், அவர் எழுதி வைத்திருக்கவேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாக எழுத இடம் தருமாறு வேண்டுகிறேன்.

மனத்தைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர் உலகில் இல்லை. படித்தது ஏன் மறக்கிறது, குழந்தை ஏன் பொய் சொல்கிறது, தனியே இருக்கும்போது செய்யாததை ஒருவர் கூட்டத்தில் ஏன் செய்கிறார் என்று யாரைக் கேட்டாலும் ஒரு பதில் கிடைக்கும். அந்தப் பதில்களில் பல சரியாகவும் இருக்கும். உளவியல் தனித் துறையாக நிற்பது அது கேட்கும் கேள்விகளால் அல்ல, விடை தேடும் முறையால். லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் தொடங்கிய 1879-ஆம் ஆண்டைத் துறையின் பிறந்த ஆண்டாகப் பாடநூல்கள் குறிப்பிடுவதும் அதனால்தான். மறதியைப் பற்றி மனிதர்கள் புலம்பத் தொடங்கி எத்தனையோ காலம் ஆகியிருக்கும். ஹெர்மன் எபிங்ஹவுஸ்தான் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, குறித்த இடைவெளிகளில் அவற்றை மீண்டும் கற்கும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். சோதனைக்கு உட்பட்டவர் அவர் ஒருவரே. ஆயினும், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் ஒருவரை ஏறத்தாழ 70 மணி நேரம் அதே வேலையில் அமர்த்திப் பார்த்து 2015-இல் வெளியிட்ட ஆய்விலும் காலம் செல்லச் செல்ல மறதி எப்படிக் கூடுகிறது என்பதைக் காட்டும் எபிங்ஹவுஸின் மறதி வளைகோட்டைப் பெரிதும் ஒத்த வளைகோடே கிடைத்தது. 130 ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொருவர் அதைச் செய்து பார்க்க முடிந்ததென்றால், தாம் செய்ததை அவர் அவ்வளவு நுணுக்கமாக எழுதி வைத்திருந்தார் என்று பொருள்.

இன்று பெரும்பாலான வகுப்புகளில் இந்தப் பாடம் எப்படி நடக்கிறது? முதற்பாதி முழுவதும் வரையறைகள்: சார்பற்ற மாறி, சார்ந்த மாறி, கருதுகோள், இன்மைக் கருதுகோள், நம்பகத்தன்மை, ஏற்புடைமை என்று ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி விளக்கமும் ஓர் எடுத்துக்காட்டும். பிற்பாதியில் கணினி மென்பொருள்: எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த அட்டவணை வரும் என்பது. கடைசிப் பருவத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு 'புதிய' தலைப்பைத் தேர்ந்தெடுத்து ஆய்வேடு எழுதவேண்டும். இந்த மூன்றுக்கும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தையே கிடையாது.

வாய்மொழித் தேர்வு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். 107 பேரிடம் தகவல் திரட்டி, கைப்பேசியில் செலவிடும் நேரத்துக்கும் பதற்றத்துக்கும் உள்ள ஒட்டுறவை, அதாவது ஒன்று கூடும்போது மற்றதும் கூடுகிறதா என்பதை, ஆராய்ந்த மாணவி ஒருவர், அதன் வலுவைக் காட்டும் ஒட்டுறவுக் கெழு 0.21 என்றும், தற்செயல் மட்டுமே வேலை செய்தால் இப்படி வருவது எவ்வளவு அரிது என்பதைச் சொல்லும் பி மதிப்பு 0.03 என்றும், ஆகவே கைப்பேசி பதற்றத்தை உண்டாக்குகிறது என்றும் எழுதியிருந்தார். ஒட்டுறவு காரணத்தைக் காட்டாது என்பதை அவர் அறியாதவர் அல்லர். அதே வாக்கியத்தை எழுத்துத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர். பதற்றம் உள்ளவர்கள்தாம் கைப்பேசியை அடிக்கடி எடுக்கிறார்கள் என்று இருக்கலாகாதா, தூக்கக் குறைவு இரண்டையுமே கூட்டியிருக்கலாகாதா என்று கேட்டேன். கையில் இருந்த அட்டவணையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அது இதில் வரவில்லையே, சார்" என்றார். 0.21-ஐ அதனாலேயே பெருக்கினால் 0.04 தான் வருகிறது. அதாவது பதற்றத்தில் காணப்படும் வேறுபாட்டில் நூற்றுக்கு நான்கு பங்கைத்தான் கைப்பேசி நேரத்தோடு தொடர்புபடுத்த முடிகிறது என்பதும் அவருக்குப் புதிய செய்தியாக இருந்தது.

இன்னொரு மாணவர் தன்மதிப்பை அளக்கும் பத்து வினாக்கள் கொண்ட வினாநிரலைப் பயன்படுத்தியிருந்தார். வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா அவருக்கு எதிர்க்குறியோடு வந்தது. ஒன்றை நெருங்கவேண்டிய எண் சுழியத்துக்குக் கீழே போயிருக்கிறதே என்று திடுக்கிடாமல், குறியையும் சேர்த்து அப்படியே எழுதி, வினாநிரல் மிதமான நம்பகத்தன்மை உடையது என்று முடித்திருந்தார். நடந்தது இதுதான்: பத்தில் ஐந்து வினாக்கள் 'என்னிடம் பெருமைப்பட ஒன்றுமில்லை' என்பதுபோல் எதிர்ப்பொருளில் அமைந்தவை. அவற்றின் மதிப்பெண்களைத் தலைகீழாக்கிய பிறகே கூட்டவேண்டும், அவர் ஆக்கவில்லை. அதே ஏட்டில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 27 என்றிருந்தது. பங்கேற்ற எவருக்கும் 23-க்கு மேல் ஆகவில்லை. வயதை எழுதாமல் விட்ட ஐந்தாறு பேருக்கு 99 என்று குறியிட்டு வைத்தவர், அது வயது அல்ல, குறி என்று மென்பொருளுக்குச் சொல்ல மறந்துவிட்டார். அவர் சோம்பேறி அல்லர். நூறு பக்கம் தட்டச்சு செய்தவர். ஆனால் நிரப்பித் தரப்பட்ட வினாத்தாள் ஒன்றையாவது கையில் வைத்துக்கொண்டு, இந்த ஆள் என்ன சொல்லியிருக்கிறார் என்று அவர் ஒருமுறையும் பார்த்ததில்லை.

பழைய ஆய்வை மீண்டும் செய்யச் சொல்வதால் என்ன மாறும் என்று கேட்கலாம். என் வகுப்பில் நான் வழக்கமாகத் தொடங்குவது, ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்ட சோதனையோடு. 'சிவப்பு' என்ற சொல் பச்சை மையில் எழுதப்பட்டிருக்கும். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் சொல்லவேண்டும். 100 வண்ணக் கட்டங்களின் நிறத்தைச் சொல்ல ஸ்ட்ரூப்பின் மாணவர்களுக்குச் சராசரியாக 63 வினாடி பிடித்தது. இப்படி முரண்பட்ட 100 சொற்களின் மை நிறத்தைச் சொல்ல 110 வினாடி. காகிதமும் வண்ண மையும் நேரம் பார்க்கும் கருவியும் இருந்தால் போதும். விளைவு பெரியது என்பதால் சிலரைக் கொண்டே அதைக் காண முடியும். இதில் என்ன கற்றுக்கொள்ள இருக்கிறது என்ற முகத்தோடுதான் மாணவர்கள் தொடங்குவார்கள். தாள் தயாரிக்க உட்கார்ந்ததும் தகராறு ஆரம்பிக்கும்.

'சிவப்பு', 'மஞ்சள்' இரண்டும் நான்கெழுத்துச் சொற்கள். 'பச்சை', 'நீலம்' இரண்டும் மூன்றெழுத்து. சொல்லின் நீளம் வேகத்தைப் பாதிக்காதா? எல்லாருக்கும் வண்ணக் கட்டங்களை முதலில் கொடுத்து, சொற்களைப் பிறகு கொடுத்தால், பிந்தியதில் நேரம் கூடுவது சொல் குறுக்கிடுவதாலா, களைப்பாலா? பாதிப் பேருக்கு ஒரு வரிசை, மீதிப் பேருக்கு மறு வரிசை என்று கொடுக்கவேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்; அது பாடநூலில் இருக்கும் வரிசைச் சமன்படுத்தல் என்பது அதற்குப் பிறகே நினைவுக்கு வரும். யாருக்கு எந்த வரிசை என்பதை நண்பருக்கு வேண்டியபடி தராமல் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கவேண்டும் என்பதும் அப்படியே. அடுத்தது பிழைகள். ஒருவர் 'சிவப்பு' என்று வாயெடுத்துவிட்டு, 'இல்லை, பச்சை' என்று திருத்திக்கொண்டால் அது பிழையா? திருத்துவதற்கு ஆன நேரம் கணக்கில் சேருமா? பாதியில் தும்மினால்?

ஒருமுறை ஒரு குழு எல்லாவற்றையும் அளந்து முடித்துவிட்டு, ஒரு பங்கேற்பாளரை மட்டும் நீக்கவேண்டும் என்று வந்து நின்றது. வண்ணக் கட்டத் தாளில் அவர் மிக மெதுவாகச் சொன்னாராம். மனம் அதில் இல்லையாம். அதே ஆள் சொற்கள் இருந்த தாளில் அதே அளவு மெதுவாகச் சொல்லியிருந்தால் நீக்கக் கேட்டிருப்பீர்களா என்றேன். யாரும் பேசவில்லை. தங்களுக்குச் சாதகமான தாமதத்தை இயல்பென்றும், பாதகமான தாமதத்தைக் கவனக்குறைவென்றும் பிரித்திருக்கிறோம் என்பது அவர்களுக்கே உறைத்தது. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. நியாயமென்று நம்பித்தான் வந்தார்கள். அடுத்த முறை, எவ்வளவு வினாடிக்கு மேல் போனால் நீக்குவது, பிழைக்கு என்ன செய்வது, எத்தனை பேரோடு நிறுத்துவது, எந்தக் கணக்கைப் போடுவது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி, தேதியிட்டு, என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். முன்பதிவு என்ற பெயரில் உலகெங்கும் உளவியல் ஆய்வாளர்கள் இப்போது செய்துவருவதும் இதைத்தான். ஆய்வுத் திட்டத்தை மட்டும் வைத்து, முடிவு எதுவாயினும் வெளியிடுவதாக முன்பே ஒப்புக்கொள்ளும் முறையையும் 2013 முதல் ஆய்விதழ்கள் ஒவ்வொன்றாக ஏற்றுவருகின்றன.

இதை மாணவர்களின் குறையாகச் சொல்லிவிட்டு நான் நல்லவராகிவிட முடியாது. என் சொந்த முதுகலை ஆய்வேடு தேர்வுப் பதற்றத்தைப் பற்றியது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறுபாடு இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இல்லை. முதலாண்டு மாணவர்களையும் இறுதியாண்டு மாணவர்களையும் பிரித்துப் பார்த்தேன், இல்லை. விடுதியில் தங்குபவர், வீட்டிலிருந்து வருபவர் என்று பிரித்தேன். கடைசியில், குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்த பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே 0.04 என்ற பி மதிப்பு கிடைத்தது. உடனே நூலகத்துக்குப் போய், பிறப்பு வரிசையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து, தொடக்கம் முதலே அதைத்தான் ஆராயப் புறப்பட்டதுபோல் முன்னுரையை மாற்றி எழுதினேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட அந்த ஏட்டுக்குப் பாராட்டும் கிடைத்தது. செய்தது தவறென்று எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவுமில்லை. முடிவு தெரிந்த பிறகு கருதுகோளை உருவாக்கும் இந்தப் பழக்கத்துக்கு நார்பர்ட் கெர் 1998-இல் ஒரு பெயரே சூட்டி, அதன் கேடுகளை விளக்கினார். கணக்கு எளியது. உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாத இடத்தில், பி மதிப்புக்கு 0.05 என்ற வழக்கமான எல்லையை வைத்துக்கொண்டு இருபது தனித்தனிச் சோதனைகளைச் செய்தால், அவற்றுள் ஒன்றாவது தற்செயலாக 'வெற்றி' பெறுவதற்கான வாய்ப்பு 64 விழுக்காடு. காக்கை உட்காரப் பனம்பழம் விழத்தான் செய்யும். எத்தனை மரத்தில் எத்தனை முறை காக்கை உட்கார்ந்தது என்பதை மறைத்துவிட்டால்தான் அது அதிசயமாகிறது.

சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் என்ற மூவர் 2011-இல் இதைச் சற்றுக் குறும்பாகவே நிறுவிக் காட்டினர். குறிப்பிட்ட ஒரு பாடலைக் கேட்ட மாணவர்கள், வேறோர் இசையைக் கேட்டவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை வயது இளையவர்களாகிவிட்டார்கள் என்ற முடிவைப் புள்ளியியல் முறைப்படியே அவர்கள் பெற்றார்கள். எத்தனை பேரோடு நிறுத்துவது, எந்த மாறியைக் கணக்கில் சேர்ப்பது, எந்தக் குழுவை விட்டுவிடுவது என்பவற்றைத் தரவைப் பார்த்துக்கொண்டே தீர்மானித்தது ஒன்றுதான் அவர்கள் செய்த தந்திரம். இத்தகைய நான்கு சலுகைகளை ஒருசேர எடுத்துக்கொண்டால், 5 விழுக்காடாக இருக்கவேண்டிய பொய்யான கண்டுபிடிப்பின் வாய்ப்பு 60 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது என்றும் காட்டினர். நான்கு ஆண்டுகளுக்குப் பின், முன்னணி ஆய்விதழ்கள் மூன்றில் வெளிவந்த 100 உளவியல் ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி மீண்டும் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு 'பொருள்படத்தக்க' முடிவை, அதாவது பி மதிப்பு அந்த 0.05 எல்லைக்குள் அடங்கும் முடிவை, காட்டியிருந்தன. மீள்சோதனைகளில் 36 விழுக்காடுதான் அப்படி வந்தன. விளைவின் அளவும் சராசரியாகப் பாதியாகக் குறைந்தது. இதைக் கேட்டு உளவியலே பொய் என்று சொல்லிவிடுவோர் உண்டு. தன் வீட்டுக் கணக்கைத் தானே எடுத்துப் பார்த்து ஊரறியச் சொன்ன துறை என்ற வகையில் எனக்கு அதன்மீது மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனால் மாணவர்களுக்கு இது ஒரு செய்தியாகவே போய்ச் சேர்கிறது. யாரோ எங்கோ செய்த பிழை என்று குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். தும்மியவரை நீக்கலாமா என்று சண்டை போட்டவர்களுக்கு மட்டும், அந்தப் பிழை எந்த இடத்தில் எப்படி நுழைகிறது என்பது தெரிகிறது.

அதே ஸ்ட்ரூப் சோதனையில் நேரம் குறிப்பவர் யார் என்ற கேள்வியும் எழும். எது மெதுவாக வரவேண்டும் என்று அறிந்த மாணவர்தாம் பொத்தானை அழுத்துகிறார். இந்த இடத்தில் நான் ஹான்ஸ் என்ற குதிரையின் கதையைச் சொல்வேன். கூட்டல் கழித்தலுக்குக் குளம்பைத் தட்டி விடை சொன்ன அந்தக் குதிரை பெர்லின் நகரையே வியக்க வைத்தது. அதன் உரிமையாளர் மோசடிக்காரரும் அல்லர். ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் 1907-இல் செய்தது எளிய காரியம்: கேட்பவருக்கே விடை தெரியாதபடியும், குதிரை கேட்பவரைப் பார்க்க முடியாதபடியும் செய்தார். ஹான்ஸால் விடை சொல்ல முடியவில்லை. சரியான எண்ணை எட்டும்போது கேட்பவரின் தலையும் உடலும் தம்மை அறியாமல் இலேசாக அசைவதைப் பார்த்தே குதிரை தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. கதையைக் கேட்டதும், தாளின் வகையை அறியாத வேறொரு குழுவினரிடம் நேரக் கருவியைக் கொடுத்துவிட்டு, ஒலிப்பதிவை வைத்து நேரம் குறிக்கச் சொல்லலாம் என்று மாணவர்களே யோசனை சொல்வார்கள். ஒலியைக் கேட்டாலே எந்தத் தாள் என்று கண்டுபிடித்துவிடலாமே என்று இன்னொருவர் மடக்குவார். அந்த விவாதம் எப்போதும் முடிவதில்லை, நானும் முடித்து வைப்பதில்லை.

கணக்கு வராதவர்களைப் பற்றிக் கட்டுரையாளர் சொன்னதற்கு வருகிறேன். அச்சம் உண்மையானது, ஆனால் அது கணக்கைப் பற்றிய அச்சம் என்பதைவிட, எங்கிருந்து வந்ததென்று தெரியாத எண்களைப் பற்றிய அச்சம் என்றே எனக்குத் தோன்றுகிறது. தேநீரில் பாலை முதலில் ஊற்றினார்களா, பின்னர் ஊற்றினார்களா என்பதைச் சுவைத்தே சொல்லிவிடுவேன் என்ற ஒரு பெண்மணிக்காகப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் வகுத்த சோதனையை 1935-இல் அவர் எழுதியபடியே செய்தால், சூத்திரமே இல்லாமல் பி மதிப்பு புரிந்துவிடும். எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் பின்னர். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. அவற்றுள் ஒன்றுதான் முழுக்கச் சரி. ஆக, ஒன்றும் தெரியாதவர் குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 70-இல் 1. நான்கில் மூன்றை மட்டும் சரியாகப் பிடித்தால்? அந்த அளவோ அதற்கு மேலோ தற்செயலாக வருவதற்கு 70-இல் 17 வழிகள், அதாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அதை வைத்துத் திறமை இருப்பதாக முடிவு கட்ட முடியாது. கணக்கைக் கண்டாலே கைநடுங்கும் மாணவி ஒருவர் 70 வழிகளையும் தாளில் எழுதி எண்ணிப் பார்த்துவிட்டு, பி மதிப்பு என்பது இவ்வளவுதானா என்று கேட்டார். இவ்வளவுதான். கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பு அது அல்ல என்பதும், தற்செயல் மட்டுமே வேலை செய்தால் இப்படி ஒரு முடிவு எத்தனை அரிது என்பதையே அது சொல்கிறது என்பதும் அவருக்கு அதன்பின் குழம்பவே இல்லை.

பங்கேற்பாளர் எண்ணிக்கையும் இப்படித்தான். குழுவுக்கு முப்பது பேர் என்பது ஏதோ சாத்திரத்தில் விதித்ததுபோல் ஆய்வேடுகளில் வழங்கிவருகிறது. நடுத்தர அளவு வேறுபாட்டை, அது உண்மையில் இருக்கும்பட்சத்தில், ஐந்துக்கு நான்கு முறையாவது கண்டுபிடிக்கவேண்டுமானால் குழுவுக்கு 64 பேர் வேண்டும் என்பதை ஜேக்கப் கோஹனின் அட்டவணைகளிலேயே பார்க்கலாம். சிறிய வேறுபாடென்றால் கிட்டத்தட்ட 400 பேர். தனியொரு மாணவரால் ஒரு பருவத்தில் இதைத் திரட்ட முடியாது. பத்துப் பேர் சேர்ந்து ஒரே பழைய ஆய்வைச் செய்தால் முடியும். தனித்தனி ஆய்வேட்டைவிடக் குழு மீள்சோதனை மேல் என்று நான் வாதிடுவதற்கு இதுவே வலுவான காரணம். அந்தப் பங்கேற்பாளர்களும் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களாகவே இருப்பார்கள் என்பது வேறு கதை. உளவியல் ஆய்விதழ்களில் வந்த பங்கேற்பாளர் மாதிரிகளில் 96 விழுக்காடு, உலக மக்கள்தொகையில் 12 விழுக்காட்டை மட்டுமே கொண்ட நாடுகளிலிருந்து வந்தவை என்று ஹென்ரிக்கும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் சுட்டிக்காட்டிய பின்னும் நிலைமை மெதுவாகவே மாறிவருகிறது. பழைய சோதனையை நம் மொழியில், நம்மிடையே செய்து பார்ப்பது வெறும் பயிற்சி அல்ல என்று சொல்ல இது ஒன்றே போதும்.

மொழி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பதற்றத்தை அளக்கும் ஆங்கில வினாநிரல் ஒன்றில் வயிற்றில் பட்டாம்பூச்சி பறப்பதுபோன்ற அச்ச உணர்வு ஏற்படுகிறதா என்று ஒரு வினா உண்டு. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிய மாணவர் ஒருவருக்கு, கிட்டத்தட்ட எல்லாரும் 'ஒருபோதும் இல்லை' என்றே குறித்துக் கொடுத்தார்கள். பாதிப் பேர் அதை மகிழ்ச்சியென்று எடுத்துக்கொண்டார்கள் என்பது விசாரித்தபோது தெரிந்தது. 'வயிற்றில் புளியைக் கரைப்பதுபோல் இருக்கிறதா' என்று மாற்றியதும் விடைகள் வேறாயின. ஏற்புடைமை என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை: எதை அளப்பதாகச் சொல்கிறோமோ அதைத்தான் அளக்கிறோமா? நேர்காணல் வழியான பண்புசார் ஆய்வுகளுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். அவற்றில் கணக்கு இல்லை என்பதால் எளிது என்று ஓடிவருபவர்கள், ஒரு மணி நேர உரையாடலை எழுத்தாக்கவே ஒரு நாள் போய்விடும் என்பதைத் தாமதமாகவே உணர்கிறார்கள்.

அறநெறிக் கூறுகளை நான் விரித்துரைக்கவில்லை; ஸ்டான்லி மில்கிராமின் சோதனையில், ஆய்வாளர் சொன்னார் என்பதற்காக, இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி தருவதாக நம்பிக்கொண்டே 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனதைத் தெரியாத உளவியல் மாணவர் இருக்கமாட்டார். ஆனால் வகுப்புத் தோழரைச் சோதனைக்கு உட்கார வைத்து, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது, ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்கையில் அவரால் 'மாட்டேன்' என்று சொல்ல முடியுமா என்று ஒருமுறை யோசித்தால், படிவம் என்பது வெறும் தாள் அல்ல என்பது விளங்கும்.

என் யோசனைக்குச் சக ஆசிரியர்கள் சொல்லும் மறுப்புகளில் முதன்மையானது, பழையதைத் திரும்பச் செய்வதில் சொந்தச் சிந்தனை எங்கே என்பது. புதிய தலைப்பு என்ற பெயரில், அதே வினாநிரல்களை வேறு சிலரிடம் கொடுத்து அதே ஒட்டுறவைக் கணக்கிடுவதில் எவ்வளவு சொந்தச் சிந்தனை இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பதுண்டு. இன்னொரு மறுப்பு கனமானது: மாணவர்களில் பெரும்பாலோர் ஆலோசகராகப் போகிறவர்கள், அவர்களுக்கு இவ்வளவு எதற்கு என்பது. அவர்களுக்குத்தான் மிகவும் தேவை என்பேன். உதவி நாடி வருபவர்கள் பொதுவாகத் தம் துயரம் உச்சத்தில் இருக்கும்போதே வருகிறார்கள். உச்சத்தில் இருப்பது, ஒன்றும் செய்யாவிட்டாலும், பெரும்பாலும் சற்றே இறங்கத்தான் செய்யும். சராசரி நோக்கித் திரும்பும் இந்த இயல்பை 1886-இலேயே பிரான்சிஸ் கால்டன் பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை வைத்துக் காட்டிவிட்டார். எட்டு அமர்வுகளுக்குப் பின் ஒருவர் தேறியிருப்பதைப் பார்க்கும் ஆலோசகர், அதில் தம் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்கப் பழகாவிட்டால், பயனற்ற ஒரு முறையை முப்பது ஆண்டுகள் முழு நம்பிக்கையோடு கையாண்டுகொண்டிருக்க முடியும். அந்த முறையைப் பெறாதவர்களைக் கொண்ட ஒப்பீட்டுக் குழு எதற்கு என்பதை அவருக்கு வரையறையால் கற்பிக்க இயலாது.

மதிப்பெண் முறையும் மாறாமல் இதெல்லாம் நடக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'பொருள்படத்தக்க' முடிவு வராத ஆய்வேட்டைத் தோல்வியாகக் கருதும் தேர்வாளர் இருக்கும்வரை, மாணவர் எப்படியாவது அதை வரவழைத்துவிடுவார். நானும் அப்படித்தான் வரவழைத்தேன். முன்கூட்டி எழுதிய திட்டத்துக்குப் பாதி மதிப்பெண், திட்டத்திலிருந்து எங்கே விலகினோம், ஏன் விலகினோம் என்று நேர்மையாக எழுதும் பகுதிக்கு மீதியில் பெரும்பங்கு என்று எங்கள் துறையில் இரண்டு ஆண்டுகளாகக் கொடுத்துப் பார்க்கிறோம். விலகல்களைப் பற்றிய பகுதிதான் ஏட்டிலேயே படிக்கச் சுவையானதாக இருக்கிறது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழில் வரும் 'உளவியலாளர்கள் கண்டறிந்துள்ளனர்' என்ற வகைச் செய்திகளை வெட்டி வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லி, எத்தனை பேரிடம் ஆய்வு நடந்தது, யாரோடு ஒப்பிட்டார்கள், எதை எப்படி அளந்தார்கள் என்ற மூன்றையும் அடிக்கோடிடச் சொல்வது என் வழக்கம். பெரும்பாலான துணுக்குகள் ஒரு கோடும் இல்லாமலே திரும்பி வருகின்றன. செய்தியோடு அந்த மூன்று விவரங்களையும் இரண்டே வரிகளில் சேர்த்து வெளியிட்டால், எங்கள் மாணவர்களுக்கு மட்டுமன்றி, காலையில் அதைப் படித்துவிட்டு மாலைக்குள் நான்கு பேரிடம் சொல்லிவிடும் வாசகர்களுக்கும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உளவியல் துறையில் ஆய்வு முறைகள் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர்